கட்டற்ற மென்பொருளில் களைத்துப்போனேன், அழித்துவிட்டுப் போகலாமா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். வயது 33. பகலில் வீட்டிலிருந்தபடியே ஒரு தனியார் நிறுவனத்துக்கு மென்பொருள் வேலை. பாமினி, டாப் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் அடித்த தமிழை யுனிகோடுக்கு மாற்றும் ஒரு கட்டற்ற கருவியை ஏழு ஆண்டுகளாகத் தனியாளாகப் பராமரிக்கிறேன். பைத்தான் தொகுப்பாகவும் ஆண்ட்ராய்டு செயலியாகவும் இருக்கிறது. கூடவே க்னோம் என்ற லினக்ஸ் திரைமுகப்பின் தமிழாக்கத்தில் சரிபார்ப்பு, மாதம் ஒரு ஞாயிறு கும்பகோணத்தில் மாணவர்களுக்கு லினக்ஸ் வகுப்பு. நடவு, அறுப்பு நாட்களில் அப்பாவுக்கு வயலிலும் கைகொடுக்க வேண்டும். ஆறு மாதமாக, நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் அறிவிப்பைக் கண்டாலே வயிற்றைப் புரட்டுகிறது. 280 இஷ்யூக்கள் (பயனர்களின் புகார்களும் கோரிக்கைகளும்) திறந்தபடி கிடக்கின்றன. டி.டி.பி. கடைக்காரர்கள் இரவு பத்து மணிக்கும் போன் செய்கிறார்கள். போன மாதம் ஒரு மாணவனிடம் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். “ஒரு பைசா வராத வேலைக்கு ஏன் இந்தப் பாடு?” என்கிறார் மனைவி. எல்லாவற்றையும் அழித்துவிடலாமா, அல்லது யார் கேட்டாலும் கடவுச்சொல்லோடு கொடுத்துவிடலாமா என்று தோன்றுகிறது. விட்டால் தமிழுக்குத் துரோகம் செய்வதுபோலவும் இருக்கிறது. என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள மன்னார்குடி நண்பருக்கு,

இரண்டு காரியங்களை மட்டும் இப்போது செய்யாதீர்கள். ரெப்போவை (கிட்ஹப்பில் உங்கள் நிரல் இருக்கும் கிடங்கை) அழிக்காதீர்கள். கேட்டவர் கையில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டையும் பின்னால் சரிசெய்வது மிகக் கடினம். களைத்த மனம் இவற்றில் ஒன்றைத்தான் முதலில் நாடும், ஏனென்றால் ஒரே இரவில் முடிந்துவிடக்கூடிய வேலைகள் இவை. மற்றபடி நிறுத்துவது சரிதான். இன்று இரவே நிறுத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒரு பைசா வராத வேலைக்கு ஏன் இந்தப் பாடு என்ற உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது. சம்பளம் இல்லாத வேலையும் ஒருவரை இப்படிப் படுத்தும். பர்ன்அவுட் (உழைத்துக் களைத்துப்போவது) என்பதை உளவியலுக்குள் கொண்டுவந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கரின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அடிப்படையே நியூயார்க்கின் ஓர் இலவச மருத்துவ மையத்தில் தொண்டு செய்தவர்கள்தான். பகலில் தன் தொழிலைப் பார்த்துவிட்டு இரவில் அங்கே போய் உழைத்தவர்களில் அவரும் ஒருவர். சம்பள வேலையில் மணி அடித்தால் எழுந்து போகலாம், விடுப்பு எடுக்கலாம், முடியவில்லை என்று மேலாளரிடம் சொல்லலாம். தொண்டில் இவற்றில் எதுவும் தானாக அமையாது. பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதை மூன்று கூறுகளாகப் பிரித்தார்: சக்தி வற்றிப்போவது, மனிதர்கள் மீது கசப்பும் விலகலும் வருவது, செய்வதில் பயனே இல்லை என்று படுவது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் இதே மூன்றைச் சொல்கிறது, ஆனால் இதை நோயாக அல்லாமல் பணி சார்ந்த நிலையாகவே வகைப்படுத்துகிறது. உங்கள் கடிதத்தில் மூன்றுமே தெரிகின்றன. மாணவனிடம் கத்தியது அந்த இரண்டாவது கூறு.

மென்பொருளைத் தொடும் முன் உடம்பைப் பாருங்கள். இரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைவு, சர்க்கரை எல்லாமே இதே களைப்பைத் தரும். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பி12, வெறும் வயிற்றுச் சர்க்கரை நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பலத்த குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்தது, இது மனச்சோர்வு நோயா என்று பிரித்துப் பார்ப்பது. லேப்டாப்பை மூடியபின் பிள்ளையோடு விளையாடும்போதோ நண்பர்களோடு டீக்கடையில் நிற்கும்போதோ மனம் இலகுவாகிறது என்றால் பெரும்பாலும் பர்ன்அவுட்தான். எதிலுமே ருசி இல்லை, தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரம் ஆகிவிட்டது என்றால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தை நினைத்து நிரப்புங்கள். மொத்தம் 27இல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு ‘இல்லவே இல்லை’ என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் அன்றே உதவி தேடுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல வெளிநோயாளர் பிரிவு உண்டு. டெலிமனாஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இனி கருவிக்கு வருவோம். முதல் வேலை ஓர் அறிவிப்பு. ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பின் முதல் வரியிலும், செயலியின் பிளே ஸ்டோர் விவரத்திலும், உங்கள் வாட்ஸ்ஆப் நிலையிலும் ஒரே வாசகத்தைப் போடுங்கள். இப்படி இருக்கலாம்: “இந்தக் கருவியின் பராமரிப்பு இன்று முதல் நிறுத்திவைக்கப்படுகிறது. இப்போதுள்ள பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். கேள்விகளுக்கும் நீங்கள் அனுப்பும் நிரல் திருத்தங்களுக்கும் (புல் ரிக்வெஸ்ட்) இந்தக் காலத்தில் பதில் வராது. பாதுகாப்புச் சிக்கல்களை மட்டும் ரெப்போவின் செக்யூரிட்டி பகுதி வழியே தெரிவிக்கவும். அடுத்த அறிவிப்பு மார்ச் 15 அன்று இதே இடத்தில் வரும்.” இதில் மன்னிப்பு இல்லை, உடல்நிலை விளக்கம் இல்லை, திரும்பி வருவேன் என்ற வாக்கும் இல்லை. மூன்றையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தைப் பற்றி நாற்பது பேர் விசாரிப்பார்கள், நீங்கள் நாற்பது பேருக்கும் பதில் எழுதுவீர்கள். திரும்பும் தேதி கொடுத்தால் அந்தத் தேதி நெருங்க நெருங்க மறுபடியும் வயிறு புரட்டும். மார்ச் 15 அன்று “இன்னும் மூன்று மாதம்” என்று எழுதினாலும் வாக்கு மீறியதாகாது.

அறிவிப்புப் போட்ட கையோடு, செய்திகள் உங்களிடம் வரும் வழியை அடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘பார்க்காமல் இருந்துகொள்கிறேன்’ என்பவர்கள் மூன்றாம் நாளே பார்த்துவிடுகிறார்கள். ரெப்போவின் அமைப்புகளில் இன்டராக்‌ஷன் லிமிட்ஸ் என்ற வசதி இருக்கிறது. ஒரு நாள் முதல் ஆறு மாதம் வரை வெளியாட்கள் கருத்திடுவதைக் கட்டுப்படுத்தலாம். இஷ்யூ பகுதியையே அமைப்புகளில் டிக்கை எடுத்து மறைத்துவிடலாம், 280உம் அழியாது, டிக் போட்டால் அப்படியே திரும்ப வரும். பாதுகாப்புப் புகாரைத் தனியாகப் பெறும் பிரைவேட் வல்னரபிலிட்டி ரிப்போர்ட்டிங் வசதியை மட்டும் திறந்து வையுங்கள். சார்ந்திருக்கும் தொகுப்புகளைப் புதுப்பிக்கச் சொல்லும் டிபெண்டபாட் போன்ற தானியங்கிகளை நிறுத்துங்கள், மனிதர்களைவிட அவை அதிகம் சத்தம் போடும். கைப்பேசியிலிருந்து கிட்ஹப் செயலியை நீக்கிவிட்டு, அறிவிப்பு அஞ்சல்கள் இன்பாக்ஸைத் தொடாமல் தனிக் கோப்புறைக்குப் போகும்படி வடிகட்டி போடுங்கள். இரவு ஓட்டமாக வைத்திருக்கும் தானியங்கிச் சோதனைகள், பொது ரெப்போவில் 60 நாள் அசைவில்லாமல் இருந்தால் கிட்ஹப்பாலேயே நிறுத்தப்படும். அந்த அஞ்சலைக் கண்டு பதற வேண்டாம், பிறகு ஒரு பட்டனில் ஓடவிடலாம்.

கருவிக்கென்று இணையதளம் இருந்தால், அதன் இணையப் பெயரின் (டொமைன்) புதுப்பிப்புத் தேதியை மட்டும் இன்றே பாருங்கள். நீங்கள் ஓய்வில் இருக்கும்போது அது காலாவதியானால் வேறொருவர் வாங்கிவிடுவார், உங்கள் பயனர்கள் அங்கே போய் எதையோ தரவிறக்குவார்கள். ஓராண்டு முன்பணம் கட்டிவிடுங்கள்.

டி.டி.பி. கடைக்காரர்களின் அழைப்பு தனி விஷயம். அவர்களுக்கு நாளைக் காலைக்குள் கல்யாணப் பத்திரிகையோ மலரோ அச்சுக்குப் போக வேண்டும். உங்கள் எண் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போயிருக்கிறது. கோபப்படாமல் ஒரே பதிலைச் சேமித்து வையுங்கள்: “அண்ணே, இப்போ இந்த வேலை பாக்கறதில்ல. இருக்கிற பதிப்பே ஓடும். மாத்தின பிறகு ஔகாரம் வர்ற வார்த்தையை மட்டும் ஒரு தடவை கண்ணால பாத்துக்கோங்க.” இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரு முறை எடுத்து அரை மணி நேரம் சரிசெய்து கொடுத்தால், அறிவிப்பு பொய் என்று ஊரெல்லாம் தெரிந்துவிடும். நீங்கள் எந்தக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டிருந்தாலும் எந்த உத்தரவாதமும் இல்லாமல் வழங்கப்படுவதாகப் பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். அந்த வரி உங்களுக்காகவே எழுதப்பட்டது.

இப்போது அந்த இரண்டு எச்சரிக்கைகளுக்குக் காரணம் சொல்கிறேன், ஏனென்றால் களைத்த பராமரிப்பாளரைக் குறிவைப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். லினக்ஸ் உலகம் முழுதும் பயன்படும் எக்ஸ்.இசட். என்ற சுருக்கக் கருவியை நெடுங்காலம் முக்கியமாக ஒரே ஒருவர் பார்த்துவந்தார். மனநலக் காரணத்தால் வேகமாகச் செய்ய முடியவில்லை என்று 2022இல் அவர் வெளிப்படையாகவே எழுதினார். முகம் தெரியாத சில கணக்குகள் வேலை நடக்கவில்லை, வேறு ஆளைச் சேர் என்று அவரை நெருக்கின. பொறுமையாகவும் இனிமையாகவும் நிரல் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்த ஓர் உதவியாளர் மெல்ல நம்பிக்கையைச் சம்பாதித்து வெளியீட்டு உரிமை பெற்றார். முதல் திருத்தம் அனுப்பி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனபின், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் எஸ்.எஸ்.எச். நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு சந்தேகப்பட்ட ஒரு பொறியாளர் 2024 மார்ச் 29 அன்று வெளியே சொல்லாவிட்டால் அது உலகெங்கும் பரவியிருக்கும். 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பில் இவ்வளவு பொறுமைகூடத் தேவைப்படவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் கேட்டார், இனி அதைப் பயன்படுத்தாத பராமரிப்பாளர் கொடுத்துவிட்டார், பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரல் உள்ளே வந்தது. உங்கள் கருவி சிறியதுதான். ஆனால் அது பத்திரிகை அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் வெளிவராத ஆவணங்களைத் திறந்து படிக்கும் கருவி.

அழிப்பதும் இப்படித்தான். பைத்தான் தொகுப்புக் களஞ்சியத்தில் ஒரு திட்டத்தை அழித்தால் அந்தப் பெயர் விடுபடும், வேறு யாரும் அதே பெயரில் எதையும் ஏற்றலாம். உங்கள் பெயரை நம்பி நிறுவுபவருக்கு வேறொருவரின் நிரல் போய்ச் சேரும். உண்மையில் நிரந்தரமாக மூட வேண்டும் என்று பின்னால் முடிவெடுத்தால் ஆர்க்கைவ் செய்யுங்கள். கிட்ஹப்பிலும் தொகுப்புக் களஞ்சியத்திலும் அந்த வசதி உண்டு. எல்லாம் படிக்க மட்டும் திறந்திருக்கும், பெயர் உங்களிடமே இருக்கும்.

மார்கழி பிறக்கும் இந்த நேரத்தில் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். முதல் ஆறு வாரம், அதாவது தை மாதம் பாதி வரை, கருவி பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஒரே நேரத்தில் படுங்கள், ஒரே நேரத்தில் எழுங்கள். இரவில் நீங்கள் இந்த வேலைக்குக் கொடுத்துவந்த நேரம் இப்போது காலியாகும். அதைக் காலியாகவே விட்டால் கை தானாகக் கைப்பேசிக்குப் போகும். திரை இல்லாத ஏதாவது ஒன்றை அந்த நேரத்தில் வையுங்கள். எது என்பது உங்கள் ருசி. பகல் வேலையும் திரையில்தான் என்பதால் புதிய நிரல்மொழி கற்பது ஓய்வாகாது.

ஒரு கவனம்: சம்பா அறுப்பை ஓய்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்று நெல்லைக் கொட்டிக் காயவைத்து, பனிக்குத் தார்ப்பாய் போர்த்தி, இரவெல்லாம் காவல் இருக்கும் நாட்கள் வரும். குவியலுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கையில் போனோடு விழித்திருக்கும் அந்த இரவுகளில்தான் ‘சும்மா ஒரு தடவை பார்ப்போம்’ என்று தோன்றும். செயலியை நீக்கச் சொன்னது முக்கியமாக அதற்காக.

க்னோமின் புதிய பதிப்புகள் மார்ச்சிலும் செப்டம்பரிலும் வருகின்றன. அதற்குச் சில வாரங்களுக்கு முன் சரங்கள் (திரையில் தெரியும் சொற்றொடர்கள்) மாற்றமில்லாமல் உறையும், மொழிபெயர்ப்பாளர்களுக்கு அப்போதுதான் நெருக்கடி. மார்ச் வெளியீட்டின் நெருக்கடி சம்பா அறுப்போடு மோதுகிறது. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால், செப்டம்பர் வெளியீட்டின் நெருக்கடி குறுவை அறுப்போடும் சம்பா நடவோடும் மோதுகிறது. ஏழு ஆண்டாக ஆண்டுக்கு இரண்டு முறை இரண்டு பக்கமும் இழுபட்டிருக்கிறீர்கள். உங்கள் உறுதி குறைந்ததாக நீங்கள் நினைப்பதில் பெரும்பங்கு இந்த நாட்காட்டி மோதல்தான் என்று நினைக்கிறேன். வரும் மார்ச் வெளியீட்டில் இருக்க மாட்டேன் என்று குழுவுக்கு இப்போதே ஒரு வரி எழுதுங்கள். ஒரு சுற்றில் தமிழாக்கம் சில சதவீதம் குறைந்தால் அந்தச் சரங்கள் ஆங்கிலத்தில் தெரியும், எதுவும் உடையாது, அடுத்த சுற்றில் நிரப்பலாம். திரும்பி வந்தாலும் ஆண்டுக்கு ஒரு சுற்று போதும்.

தை பாதிக்குப் பிறகு, வாரம் இரண்டு மணி நேரம் மட்டும், கருவியின் நிரலைத் தொடாமல் எழுத்து வேலை செய்யுங்கள். உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பவற்றைத் தாளுக்குக் கொண்டுவருவது. உதாரணம் சொல்கிறேன். பாமினி போன்ற முறைகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும். யுனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். இதைப் புதியவரும் ஒரு நாளில் புரிந்துகொள்வார். ஆனால் ஔகாரத்தின் வலப்பகுதியும் ளகரமும் அந்த எழுத்துருக்களில் ஒரே குறி. ‘பௌர்ணமி’யில் வருவது ஔகாரம், ‘தெளிவு’ என்பதில் வருவது எகரமும் ளகரமும். உள்ளே வரும் குறிகளோ ஒரே மாதிரி. இதற்கு நீங்கள் ஏழு ஆண்டுகளில் சேர்த்த விதிகளும் விலக்குச் சொற்களும் நிரலில் விசித்திரமாகத் தெரியும். நல்லெண்ணத்தோடு வரும் ஒருவர் அவற்றைச் ‘சுத்தம்’ செய்வார், பழைய வழுக்கள் மொத்தமும் திரும்பி வரும். ஒவ்வொரு விதிக்கும் ஒரு உள்ளீடு, ஒரு சரியான வெளியீடு என்று ஐம்பது வரியில் ஒரு சோதனைக் கோப்பு எழுதுங்கள். உங்களுக்குப் பின் யார் வந்தாலும் அதுதான் காவல்.

இதை எழுதும்போதே இன்னொன்றும் உங்கள் கண்ணில் படும். பாமினி இனி மாறப்போவதில்லை. டாப் மாறப்போவதில்லை. மாற்றிய கோப்பை மறுபடி மாற்ற வேண்டியதும் இல்லை. உள்ளீடு உறைந்துபோன ஒரு கருவிக்கு 280 இஷ்யூ எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் புது வசதிக் கோரிக்கைகளாக இருக்கும்: பி.டி.எப். படிக்க வேண்டும், எக்செல் வேண்டும், இருள் நிறம் வேண்டும். இந்தக் கருவி முடிந்த கருவி என்று அறிவிக்கலாம் என்பது என் கருத்து. வெளியுலகம் மாறுவதால் வரும் வேலை மட்டும் மிஞ்சும். பைத்தானின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது, அதில் சோதனைக் கோப்பை ஓட்டிப் பார்க்க வேண்டும். கூகுள் பிளே ஆண்டுதோறும் இலக்கு ஏபிஐ நிலையை (செயலி எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்கானது என்ற எண்ணை) உயர்த்தச் சொல்லும், கெடு பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதி. இரண்டையும் சேர்த்தால் ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் வேலை. எல்லாருக்கும் எல்லாமும் எப்போதும் செய்து தருவேன் என்று நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஏழு ஆண்டு ஒவ்வோர் அழைப்புக்கும் பதில் சொன்னதால் அப்படி ஒரு வாக்கு உருவாகிவிட்டது. ஓய்வு எடுத்துவிட்டு அதே வாக்குக்குள் திரும்பிப் போனால் சில மாதங்களில் இதே இடத்தில் நிற்பீர்கள்.

280ஐ மூடும் முறை: முதலில் பாதுகாப்பு, அடுத்து எழுத்தைத் தொலைக்கும் வழுக்கள், அவ்வளவுதான் பிரிவு. ஃ, ஸ்ரீ, க்ஷ காணாமல் போகிறது என்பது இரண்டாம் வகை, அதைத் திறந்து வையுங்கள். ஓராண்டாக அசையாத மற்ற எல்லாவற்றையும் ஒரே செய்தியோடு மூடுங்கள்: “கருவி இனி வழு திருத்தம் மட்டுமே பெறும். இந்தக் கோரிக்கை அதற்கு வெளியே இருப்பதால் மூடப்படுகிறது. தேவைப்படுவோர் நிரலை நகலெடுத்துத் தனியாக (ஃபோர்க்) வளர்க்கலாம்.” கட்டளை வரிக் கருவியால் ஒரே ஓட்டத்தில் செய்யலாம். அசையாத இஷ்யூக்களைத் தானாக மூடும் ஸ்டேல் தானியங்கியை நிரந்தரமாக வைக்காதீர்கள். அது முப்பது நாளுக்கொரு முறை மக்களைச் சீண்டும், அவர்கள் “இன்னும் வேண்டும்” என்று எழுதுவார்கள், அறிவிப்புகள் உங்களுக்கே வரும். சிலர் கோபமாக எழுதுவார்கள். பதில் எழுத வேண்டியதில்லை.

அடுத்து, துணைக்கு ஆள். கும்பகோணத்தில் உங்கள் வகுப்புக்கு வந்தவர்களில், முகம் பார்த்துப் பழகிய இருவர் போதும். எக்ஸ்.இசட். கதையின் பாடம் புதியவரே வேண்டாம் என்பதல்ல, நெருக்கடியில் நெருக்கியவரை நம்பாதே என்பது. ரெப்போ உங்கள் தனிக் கணக்கில் இருந்தால் உரிமைகளைப் படிப்படியாகக் கொடுக்க வழியில்லை. ஒரு நிறுவனக் கணக்கு தொடங்கி அதற்கு மாற்றுங்கள், பழைய முகவரி தானாகத் திருப்பிவிடும். முதல் மூன்று மாதம் ட்ரையாஜ் உரிமை மட்டும்: இஷ்யூவைப் பிரிக்கலாம், மூடலாம், நிரலைத் தொட முடியாது. பிறகு எழுத்துரிமை. தொகுப்புக் களஞ்சியத்தில் முதலில் மெயின்டெய்னர், அவர் பதிப்பு ஏற்றலாம், வேறு ஆளைச் சேர்க்க முடியாது. ஓனர் உரிமை ஓராண்டு கழித்து. பதிப்பேற்றத்தை, கிட்ஹப்பிலிருந்தே நேரடியாக ஏற்றும் டிரஸ்டட் பப்ளிஷிங் முறைக்கு மாற்றினால் யாருடைய லேப்டாப்பிலும் ரகசிய டோக்கன் இருக்காது.

ஆண்ட்ராய்டு கையொப்பச் சாவியைத் தனியாகச் சொல்கிறேன், இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சாவியை நீங்களே வைத்திருந்து அது தொலைந்தால், அதே பெயரில் செயலியை இனி மேம்படுத்தவே முடியாது. கையொப்பச் சாவியை கூகுளே வைத்திருக்கும் பிளே ஆப் சைனிங்கில் சேர்ந்திருந்தால் பதிவேற்றச் சாவியைப் புதுப்பிக்க வழி உண்டு. சாவிக் கோப்பின் ஒரு நகலை மறையாக்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, உறையிலிட்டு வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையானவரிடம் கொடுங்கள். வேறு ஊர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். 2018 நவம்பரில் கஜா அடித்தபின் மன்னார்குடிப் பக்கம் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தது!

மூவர் ஆனபின், மூவரும் எல்லாவற்றையும் பார்ப்பது என்று வைக்காதீர்கள். அப்படி வைத்தால் மனசாட்சி அதிகம் உள்ள ஒருவர்தான் பார்ப்பார், அவர் நீங்கள்தான். ஆற்றில் தண்ணீர் குறையும்போது வாய்க்கால்களுக்கு முறை வைத்து விடுவார்கள் அல்லவா? அதே கணக்குதான் இங்கேயும். ஒரு மாதம் ஒருவர் முறை. முறையில் இல்லாதவர் அறிவிப்பை அணைத்துவிட வேண்டும், அது விருப்பம் அல்ல, விதி. முறைக்காரருக்கும் வாரம் நான்கு மணி நேரம் உச்சவரம்பு, அதில் பதில் எழுதுவது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் மாதம் நீங்கள் எடுக்காதீர்கள்.

யாருமே வரவில்லை என்றாலும் ஒன்றும் கெடாது. டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தில், முடியாத பராமரிப்பாளர் தன் தொகுப்புக்கு வேறு ஆள் தேவை என்றோ, கைவிடுகிறேன் என்றோ முறையாக அறிவிப்பது அன்றாட நடைமுறை, யாரும் குறைவாக நினைப்பதில்லை. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2018 ஜூலையில், நீண்ட விவாதங்களால் சோர்ந்து தலைமையை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு ஐந்து பேர் குழு பொறுப்பேற்றது, அதில் ஒருவராக அவரும் தேர்வானார். தமிழுக்குத் துரோகமா என்று கேட்டீர்கள். உங்கள் கருவியால் யுனிகோடுக்கு வந்த ஒவ்வொரு கோப்பும் இனி தேடலில் கிடைக்கும், நகலெடுக்கலாம், திரைவாசிப்பானில் கேட்கலாம். அந்த வேலை நடந்து முடிந்தது, நீங்கள் நிறுத்துவதால் அவை பாமினிக்குத் திரும்பப் போவதில்லை. நிரலும் திறந்தே இருக்கிறது.

அந்த மாணவனுக்கு நேரில், தனியாக, இரண்டு வாக்கியம் போதும்: “அன்னிக்கு உன்கிட்ட கத்தினது தப்பு. கேள்வி சரியான கேள்விதான்.” உங்கள் களைப்பின் கதையைச் சொல்ல வேண்டாம், அவன் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வந்துவிடும். ஞாயிறு வகுப்பை மார்ச் வரை வேறொருவர் நடத்தட்டும், ஆள் இல்லையென்றால் நடக்காமல் இருக்கட்டும்.

மனைவியிடம் பணம் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். கடந்த மாதத்தை நினைவிலிருந்து எடுத்து, நிரல், பதில், போன், வகுப்பு, பயணம் எல்லாம் சேர்த்து எத்தனை மணி நேரம் என்று இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். பலரும் நிரல் எழுதிய நேரத்தை மட்டும் கணக்கிடுகிறார்கள், வீட்டில் இருப்பவர் மற்றதையும் பார்க்கிறார். உதவித்தொகைகள் உண்டு: ஃபாஸ் யுனைடெட் அமைப்பு இந்தியத் திட்டங்களுக்கு நிதி தருகிறது, பங்குத் தரகு நிறுவனமான ஸெரோதாவின் ஃப்ளாஸ் ஃபண்ட் 10,000 டாலரிலிருந்து தொடங்குகிறது, நெதர்லாந்தின் என்.எல்.நெட் 5,000 யூரோவிலிருந்து. ஆனால் இப்போது விண்ணப்பிக்காதீர்கள். பணம் பெரும்பாலும் வேலைத்திட்டத்தோடும் கெடுவோடும் வரும், களைத்தவருக்கு அது இன்னொரு மேலாளர். மார்ச்சுக்குப் பிறகு பி.எச்.க்யூ-9ஐ மறுபடி நிரப்பிப் பாருங்கள். எண் இறங்கி, தூக்கம் சரியாகி, ரெப்போவைத் திறக்கும்போது வயிறு புரட்டாமல் இருந்தால், சோதனைக் கோப்பையும் ஆண்டுப் பராமரிப்பையும் வேறொருவருக்குக் கூலி கொடுத்துச் செய்விப்பதற்கான தொகையாகக் கேட்டு எழுதுங்கள். கிடைப்பதை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும், அதற்கு ஓர் ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அடிக்கடி அழைக்கும் அச்சகங்களுக்கு ஒரு கட்டணம் வைப்பதும் தவறில்லை. அதையும் எழுதி, தொகையோடு, அலுவலக நேரத்தோடு, ரீட்மீயில் போடுங்கள்.